சோர்வைச் சொல்லத் தயங்கும் மருத்துவர்கள்

மனநல மருத்துவராக நான் பணியாற்றும் அரசு மருத்துவமனையில், சக மருத்துவர்கள் உதவி கேட்டு வருவது பெரும்பாலும் ஓ.பி. முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான். தம் பெயரில் ஒரு சீட்டுப் போட அவர்களுக்கு மனம் வருவதில்லை. அப்படி வந்த பொது மருத்துவ முதுநிலை மாணவர் ஒருவரைப் பற்றி, அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன். தூக்க மாத்திரை கேட்டு வந்த அவர், முந்தைய இரவு வார்டில் ஒரு முதியவர் இறந்ததைப் பேச்சினிடையே, "பதினாலாம் பெட் முடிஞ்சிருச்சு சார்" என்று குறிப்பிட்டார். சொன்ன மறுகணமே திடுக்கிட்டு, "நான் இப்படிப் பேசுறவன் இல்ல சார்" என்றார். அந்தத் திடுக்கிடல் எனக்கு நம்பிக்கை தந்தது.

பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாடு ஒரு நோயாகக் கொள்ளவில்லை. சரிவரக் கையாளப்படாமல் நீடிக்கும் பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுக்கிறது. ஆற்றல் வற்றுதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், எதையும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். முதலாவதை மருத்துவர்கள் பெருமையாகக்கூடச் சொல்வார்கள், இரண்டாவதை மறைத்துவிடுவார்கள். நோயாளி பெயரிழந்து படுக்கை எண்ணாவதும், உடன் வந்தவர் ஒரே கேள்வியை மறுமுறை கேட்டால் எரிந்து விழுவதும் இந்த இரண்டாவதன் வெளிப்பாடுகள். விடுப்பில் ஊருக்குப் போயும் எதிலும் நாட்டமின்றி, உயிரோடிருப்பதே சுமையாகத் தோன்றினால், அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு நோயாக இருக்கலாம்; அப்போது ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

உணர்வுசார் நுண்ணறிவு என்றதும், உறவினர்களிடம் பொறுமையாகப் பேசுவது என்றே நம் பயிற்சி வகுப்புகள் எடுத்துக்கொள்கின்றன. 1990-இல் இக்கருத்தை முன்வைத்த உளவியலாளர்கள் பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும் தன் உணர்வையும் பிறர் உணர்வையும் இனங்காணுவதை அதன் அடிப்படைகளுள் ஒன்றாக வைத்தார்கள். உள்ளே கொதித்துக்கொண்டு வெளியே சிரிப்பது அதற்கு நேர்மாறானது. அந்த நடிப்பே சோர்வைக் கூட்டுகிறது.

அந்த மாணவரை, ஒவ்வொரு டியூட்டிக்குப் பிறகும் தாம் உணர்ந்ததை ஒரே சொல்லில் எழுதச் சொன்னேன். முதல் வாரம் முழுவதும் "டயர்ட்" என்றே எழுதியிருந்தார். மூன்றாம் வாரத்தில் "பயம்" என்ற சொல் வந்தது. அதற்கடுத்து, நான் கேட்காமலேயே, அந்தப் பெரியவர் தம் தாத்தாவைப் போலிருந்தார் என்று ஒரு முழு வரி. அன்றிரவு நெஞ்சழுத்தி முயன்றும் காப்பாற்ற இயலாமல், வராந்தாவில் நின்றபடியே பெரியவரின் மகளிடம் மரணத்தைச் சொல்லிவிட்டு, 10 நிமிடத்தில் அடுத்த அட்மிஷனைப் பார்க்கப் போயிருக்கிறார். அழுவதற்கு அவருக்கு நேரமே இருக்கவில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உறைவிட மருத்துவர்கள் (இந்த மாணவரைப் போன்ற முதுநிலை மாணவர்களும் இதில் அடக்கம்) சாதாரணமாக வாரத்துக்கு 48 மணி நேரமும், தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மிகாமலும் பணியாற்ற வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. 30 மணி நேரம் நின்றவரிடம் போய் உணர்வுகளைக் கையாளக் கற்றுக்கொள் என்று மட்டும் சொல்வது, தவற்றை அவர் தலையில் கட்டுவதாகும். உறங்காத மூளைக்கு எதிரிலிருப்பவரின் முகத்தைப் படிப்பதே கடினம்.

தெரிந்தவரிடம் பேசக் கூச்சப்படுபவர்கள் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். மருத்துவர் என்று சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

மாணவரின் சம்மதத்துடன் அவருடைய யூனிட் தலைவரிடம் பேசினேன். மரணத்தை அறிவித்துவிட்டு வரும் மருத்துவரின் வேலையை 15 நிமிடம் வேறொருவர் பார்த்துக்கொள்வது என்று அங்கே முடிவாயிற்று. இரவுப் பணிப் பட்டியல் இன்னும் மாறவில்லை. அதற்காகத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.