பத்து இலக்கம் இருந்தால்தான் போன் நம்பரா?

நாகர்கோவிலில் வெப்சைட் செய்து கொடுக்கும் எங்களிடம் வருகிறவர்களில் பலர் தவறாமல் வைக்கும் கோரிக்கை இது: "தம்பி, பத்து இலக்கம் இல்லேன்னா ஃபார்ம் போகவே கூடாது." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நம் மாவட்டத்தில் தெருவுக்கு நாலு பேர் வளைகுடாவில் இருக்கிறார்கள். பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் அப்பாவின் எண் கேட்கிறோம். அவர் இருப்பது கத்தாரில். அங்கே நாட்டுக் குறியீடான 974-க்குப் பிறகு 8 இலக்கம்தான். துபாய் மொபைல் என்றால் 971-க்குப் பிறகு 9. பத்து வேண்டும் என்று படிவம் அடம்பிடித்தால் அம்மா என்ன செய்வார்? முன்னால் இரண்டு பூஜ்யம் போட்டு அனுப்பிவிடுவார். படிவம் திருப்தியாகிவிடும், அந்த எண்ணுக்கு யாராலும் கூப்பிட முடியாது.

உள்ளூர் எண்ணுக்கும் இதே கதிதான். நாகர்கோவில் லேண்ட்லைனுக்கு ஊர்க் குறியீடு 04652, மார்த்தாண்டம் பக்கம் 04651. முழு எண்ணைப் பூஜ்யத்தோடு எழுதினால் 11 இலக்கம். பூஜ்யத்தை எடுத்தால் பத்து வரும், ஆனால் 4-ல் தொடங்கும். "6 முதல் 9-க்குள் தொடங்க வேண்டும்" என்பது மொபைலுக்கான விதி. அது பழைய கடைகளையும் லாட்ஜுகளையும் வாசலிலேயே நிறுத்திவிடும்.

இன்னும் மோசமானது, பெட்டியில் பத்து எழுத்துக்கு மேல் விடாத மேக்ஸ்லென்த். போனிலிருந்து எண்ணைக் காப்பி செய்தால் பெரும்பாலும் +91, ஒரு இடைவெளி, ஐந்து இலக்கம், இன்னொரு இடைவெளி, ஐந்து இலக்கம் என்றுதான் வரும். அதை ஒட்டினால் முதல் பத்து எழுத்து மட்டும் நிற்கும். கடைசி ஐந்து இலக்கம் சத்தமில்லாமல் காணாமல் போகும். ஒட்டியவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

'நம்பர்' வகைப் பெட்டியும் வேண்டாம். போன் எண்ணை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை. எண்ணாகச் சேமித்தால் முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும். போன் எண்ணுக்கென்றே உள்ள 'டெல்' வகை போடுங்கள். மொபைலில் எண் விசைப்பலகை வரும். அது தானாக எதையும் சரிபார்க்காது, அந்த வேலை நம்முடையது.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? எழுதுகிறவர் எப்படி வேண்டுமானாலும் எழுதட்டும். இடைவெளி, கோடு, அடைப்புக்குறி எல்லாவற்றையும் நிரலே களையட்டும். 91-ஐ நீக்கும்போது மட்டும் கவனம்: 91 என்றே தொடங்கும் பத்து இலக்க மொபைல் எண்கள் நிறைய உண்டு. மொத்தம் 12 இலக்கம் இருந்தால்தான் அது நாட்டுக் குறியீடு. நாட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு பெட்டி வையுங்கள், இந்தியா முன்பே தேர்வாகி இருக்கட்டும். சேமிப்பது எப்போதும் ஒரே வடிவில்: கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, எண். சர்வதேச வழக்கான ஈ.164 இதுதான், அதில் அதிகபட்சம் 15 இலக்கம். ஒவ்வொரு நாட்டின் விதியையும் நாமே எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், அந்த வேலையைச் செய்யும் கூகுளின் நிரல் தொகுப்பான லிப்ஃபோன்நம்பர் இலவசமாகவே கிடைக்கிறது.

பிழைச் செய்தியில் "தவறான எண்" என்று அதட்டாமல், "9 இலக்கம்தான் இருக்கிறது, ஒன்று குறைகிறது" என்று சொல்லுங்கள். இதையெல்லாம் பிரவுசரில் மட்டும் செய்துவிட்டு விடாமல், சர்வரிலும் ஒருமுறை பாருங்கள்.

அப்புறம், வடிவம் சரியாக இருந்தால் எண் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதற்கு ஓடிபிதான் வழி. கன்னியாகுமரி லாட்ஜின் விசாரணைப் படிவத்துக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. பள்ளிகளுக்கு வாட்ஸ்அப் எண்ணைத் தனியாகக் கேட்டு வாங்குகிறேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் பலர் வாட்ஸ்அப்பை ஊர் எண்ணிலேயே வைத்திருக்கிறார்கள்.