ஹீட் மேட்டும் பொள்ளாச்சி நார்க்கழிவும்

பல்லடம் பக்கம் கோழிப் பண்ணைக்காரர்கள் வெப்பமானியை அதிகம் பார்ப்பதில்லை. சூடு கொடுக்கிற புரூடர் பல்புக்கு அடியில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர்கிறது என்று அர்த்தம். வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு தகட்டோரம் ஒதுங்கினால் சூடு அதிகம். பல்பை ஏற்றியோ இறக்கியோ கட்டிவிடுவார்கள். தொட்டிக்கு அடியில் ஹீட் மேட், அதாவது கரண்டில் சூடாகும் மெல்லிய விரிப்பு, ஒட்டி வளர்க்கிற பாம்பு இப்படிக் காட்டிக்கொடுக்காது. அடிவயிறு வெந்து புண்ணாகும்வரைகூட அதே இடத்தில் சுருண்டு கிடக்கும்.

நான் சொல்வது பால் பைத்தான் போன்ற வெளிநாட்டுப் பாம்புகளை. சாரை, நல்லபாம்பு, மலைப்பாம்பு எல்லாம் 1972 வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. பிடித்து வளர்த்தால் குற்றம். பால் பைத்தானுக்கும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும்.

மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இந்தப் பாம்புக்குப் பெட்டியின் ஒரு பக்கம் 32 டிகிரி, மறுபக்கம் 26 டிகிரி அளவில் இருக்க வேண்டும். தன் உடம்பில் தானே சூடு உண்டாக்கிக்கொள்ளாத உயிர் அது. இரண்டு பக்கமும் நகர்ந்து நகர்ந்துதான் சரிக்கட்டிக்கொள்ளும். சூடு போதாவிட்டால் தின்ற எலி செரிக்காமல் கக்கிவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வளர்ந்த நமக்கு மார்கழி இரவு சுகம்தான். அதற்கு அது ஆகாது.

கோபியில் சித்தப்பா பையன் ஒன்று வைத்திருக்கிறான். டிசம்பரில் கூப்பிட்டான். "மேட்டு பத்தலீங்ணா, மீட்டர்ல இருவத்தெட்டுதான் காட்டுது." போய்ப் பார்த்தேன். கண்ணாடித் தொட்டிக்கு அடியில் ஹீட் மேட், உள்ளே நான்கு விரற்கடைக்குப் பொள்ளாச்சித் தென்னை நார்க்கழிவு, அதன் மேல் மீட்டர். நார்க்கழிவைக் கிளறி விரலை அடிக்கண்ணாடியில் வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். மேட்டுக்கு டிகிரி எதுவும் தெரியாது. வாட்ஸ் மட்டுமே தெரியும். 14 வாட்ஸ் மேட் நொடிக்கு 14 ஜூல் வெப்பத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தள்ளுகிற அளவு வெளியேறும்வரை அந்த இடத்தின் வெப்பநிலை ஏறும். வெளியேற வழி அகலமாக இருந்தால் 35-இல் நிற்கும். அடைத்தால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. உலர்ந்த நார்க்கழிவு முழுக்கக் காற்றறைகள். கம்பளி மாதிரி சூட்டை அடியிலேயே பிடித்து வைத்திருந்தது. மேலே மீட்டர் குளிர் என்றது. பாம்போ புதைந்து போய்க் கண்ணாடியில் படுக்கிற ரகம்!

அடிப்பக்கமும் அடைப்புதான். தொட்டியை நேராகப் பிளைவுட் அலமாரியில் வைத்திருந்தான். தூக்கிப் பார்த்தால் மேட் அளவுக்குப் பலகை பழுப்பேறி, ஒரு மூலையில் மட்டும் கருத்திருந்தது. அந்த மூலையில் மேட் சரியாக ஒட்டாமல் காற்றுக் குமிழி. குமிழி இருக்கும் இடத்தில் வெப்பம் கண்ணாடிக்குப் போகாமல் மேட்டிலேயே தேங்கும்.

அதனால் ஒட்டும்போதே கவனம் வேண்டும். கண்ணாடியின் வெளிப்புறத்தை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, ஒரு ஓரத்தில் தொடங்கிக் காற்றைத் தள்ளிக்கொண்டே ஒட்ட வேண்டும். தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மேட் வேண்டாம். ஒட்டியதைப் பிய்த்து மறுபடி ஒட்டினால் உள்ளே இருக்கும் சூடேற்றும் இழை விரிசல் விடலாம். தொட்டிக்கு நான்கு மூலையிலும் ரப்பர் கால். உள்ளே எதையும் டேப் போட்டு ஒட்டவே கூடாது. செதிலில் பிடித்துக்கொண்டால் எண்ணெய் விட்டு மெதுவாகத்தான் எடுக்க முடியும், இழுத்தால் தோலோடு வரும். மேலே சூட்டுக்காகச் செராமிக் பல்பு மாட்டுகிறவர்கள், பாம்பு சுற்ற முடியாதபடி கம்பிவலைக் கூண்டை ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள்.

வைத்த டிகிரி வந்ததும் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் மேட்டைச் செருகவே வேண்டாம். அதன் சென்சார் மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கட்டும். உள்ளே விட்டால் பாம்பு அதை நகர்த்திவிடும், தண்ணீரைக் கொட்டும். சென்சார் குளிர் என்று நம்பி மேட்டை ஓட்டிக்கொண்டே இருக்கும்.

"எம்சிபி இருக்குதுங்களே" என்றான் தம்பி, கரண்ட் அளவுக்கு மேல் போனால் தானே விழும் சுவிட்சைச் சொல்லி. 230 வோல்ட்டில் 14 வாட்ஸ் இழுப்பது 0.06 ஆம்பியர். 6 ஆம்பியர் எம்சிபிக்கு அது கொசுக்கடிகூட இல்லை. பலகை புகைந்தாலும் அசையாது. தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் ரிலே சுவிட்சும் ஒருநாள் ஒட்டிக்கொண்டு ஆனிலேயே நின்றுவிடலாம். அதற்காகத்தான் பெரிய மேட் வாங்கி அடக்கி ஓட்டாமல், தேவைக்குச் சற்றே கூடுதலான சின்ன மேட் வாங்கச் சொல்வது.

நார்க்கழிவை ஒரு விரற்கடைக்குக் குறைத்தோம், கால் ஒட்டினோம், கண்ணாடியில் 32 டிகிரி இருக்கும்படி தெர்மோஸ்டாட்டை வைத்தோம். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தபோது பாதி உடம்பு மேட் பக்கம், பாதி வெளியே.