பால்மரத்துக்கு அழிப்பான் என்று பெயர்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எனக்கு ஒரு சின்ன எழுதுபொருள் கடை. பள்ளி திறக்கிற வாரத்தில் கடைக்குள் கால் வைக்க இடம் இருக்காது. அந்த வாரத்தில் ஒரே சாமானுக்கு நாலு பெயர் என் காதில் விழும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளை "அங்கிள், அழிப்பான் இருக்கா?" என்று கேட்கும். இடைநிலைப்பள்ளிக்குப் போன அதன் அக்கா "பெமாடாம்" என்று மலாயில் கேட்பாள். கூட வந்த அப்பா "ரப்பர்தான் கேக்குறாங்க, குடுங்க" என்று மொழிபெயர்ப்பார். பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் பாட்டிக்கு அது லப்பர்.

நாலு பேருக்கும் ஒரே பெட்டியிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறேன். ஆனால் அந்த ரப்பர் என்ற சொல்லை மட்டும் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். இந்த ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை நின்ற மரத்துக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர், ஒரு பென்சில் கோட்டை அழிக்கிற வேலையிலிருந்து வந்தது.

'ரப்' என்றால் தேய். அதோடு 'அர்' சேர்த்தால் தேய்ப்பவர், தேய்ப்பது. நம் அழிப்பான், விரிப்பான் எல்லாம் ஆகிற அதே கணக்கு. 16-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் இந்தச் சொல் புழங்கியது. உடம்பைத் தேய்க்கிற துணியும் ரப்பர், தேய்க்கிற ஆளும் ரப்பர். மரம், பால், டயர் எதுவும் அப்போது அந்தச் சொல்லுக்குள் கிடையாது.

பென்சில் கோட்டை அழிக்க அந்தக் காலத்தில் ரொட்டியைத்தான் பயன்படுத்தினார்கள். உள்ளே இருக்கும் மெத்தென்ற பகுதியைப் பிய்த்து, உருட்டி, தாளில் தேய்ப்பார்கள். பிறகு லண்டனில் எட்வர்ட் நேர்ன் என்ற கருவி வியாபாரி தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பிசினைத் துண்டு போட்டு விற்க ஆரம்பித்தார். அதைப் பற்றி 1770-இல் எழுதி வைத்தவர் ஜோசப் பிரீஸ்ட்லி. நாலு வருஷம் கழித்து ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தாரே, அதே பிரீஸ்ட்லி. ஓவியக் கலை பற்றிய தன் புத்தகத்தில், பென்சில் கோட்டைத் துடைக்க அருமையான ஒரு பொருளைப் பார்த்தேன், அரை அங்குலக் கனசதுரம் மூன்று ஷில்லிங், பல வருஷம் உழைக்குமாம் என்று குறித்திருக்கிறார். மூன்று ஷில்லிங் அன்றைக்குச் சில்லறைக் காசு இல்லை. இன்று என் கடையில் ஒரு வெள்ளிக்கு, அதாவது ஒரு ரிங்கிட்டுக்குக் கிடைப்பது, அன்று சீமான் வீட்டுச் சாமான்.

தேய்க்கிற பொருள் என்பதால் அதற்கு ரப்பர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மற்றத் தேய்ப்பான்களிலிருந்து பிரித்துச் சொல்ல முன்னால் 'இந்தியா' சேர்த்தார்கள். இந்தியாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கொலம்பஸ் செய்த குழப்பத்தால் அமெரிக்கப் பக்கமும் 'இண்டீஸ்' ஆகிவிட்டது, அங்கிருந்து வந்த சரக்குக்கு அந்த முத்திரை விழுந்தது. சஞ்சி என்ற ஒப்பந்தக் கூலியாகவும் கங்காணி முறையிலும் நம் ஆட்கள் கப்பலேறி வந்து இந்த மரத்தைத் தொடுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அதன் பிசின் 'இந்தியா ரப்பர்' ஆகிவிட்டது என்று நினைத்தால், இந்த ஊர்க்காரனுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும்.

நேர்ன் விற்ற சரக்கை நானும் பயன்படுத்தியிருக்கிறேன், தெரியாமலே.

அம்மா ரப்பர் தோட்டத்தில் மரம் சீவியவர். விடியும் முன்னே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு நிரைக்குள் இறங்கிவிடுவார். வெயில் ஏறுவதற்குள் சீவினால்தான் பால் நன்றாக ஓடும். குளிர்ந்த நேரத்தில் மரம் நீரை வெளியே விடாமல் வைத்திருப்பதால் பட்டைக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும், அதுதான் பாலை வெளியே தள்ளுகிறது. மங்கு என்கிற கிண்ணத்தில் பால் நிறைந்து ஓட்டம் நின்ற பிறகு, சீவிய கோட்டில் கடைசியாகக் கசிந்தது காய்ந்து நாடாபோலப் படிந்திருக்கும். அதுதான் ஒட்டுப்பால். மறுநாள் சீவுவதற்கு முன் அதை நகத்தால் கிளப்பி இழுத்தால், சர்ரென்று ஒரே நீளமாக வரும். மேல்பக்கம் வெளிர் மஞ்சள், கீழ்ப்பக்கம் பட்டைத் தூள் ஒட்டிக் கறுப்பு.

நாங்கள் அதைச் சுருட்டிப் பந்து செய்வோம். ஒருநாள் வகுப்பில் அழிப்பான் இல்லாமல் அந்தப் பந்தாலேயே கணக்கு நோட்டில் தேய்த்தேன். வெளிர் பக்கம் பட்ட இடத்தில் கோடு போயேவிட்டது. உற்சாகத்தில் பந்தைத் திருப்பித் தேய்க்க, பட்டைத் தூள் ஈஷி, அரைப் பக்கம் கரியாகி, தாள் கிழிந்தது. வாத்தியாரிடம் வாங்கியது தனிக் கதை.

வெளிர் பக்கம் ஏன் வேலை செய்தது? பென்சில் குச்சியில் இருப்பது கிராஃபைட், கரியின் ஒரு வடிவம். அது ஏடு ஏடாக அடுக்கியிருக்கும், ஏடுகளுக்கு இடையே பிடிப்பு குறைவு. எழுதும்போது அந்த ஏடுகள் உரிந்து தாளின் நாரில் போய் உட்காருகின்றன. மையைப்போல நாருக்குள் ஊறிப் போவதில்லை, மேலே சிக்கிக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவுதான். ரப்பர் மெத்தென்று இருப்பதால் நாரின் மேடு பள்ளத்தில் அழுந்தி அந்தத் துகளை நெருக்கமாகத் தொடுகிறது. தாளைப் பிடித்திருப்பதைவிடத் துகள் ரப்பரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. அதோடு ரப்பரின் மேல்தோல் தேய்ந்து, துகளைச் சுருட்டிக்கொண்டு பொடியாக உதிர்கிறது, அடியிலிருந்து புதுத் தோல் வந்து அடுத்த துகளைப் பிடிக்கிறது. அழித்த பிறகு நோட்டை ஊதித் தள்ளுகிறோமே அந்தப் பொடி, அதுதான் அழிந்த எழுத்து.

சரி, பந்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெயிலில் வீட்டுக்கு வந்தேன். பந்து பையோடு ஒட்டிக்கொண்டது. அம்மா மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் வரவில்லை, நாற்றமும் போகவில்லை. பிரீஸ்ட்லி காலத்து ரப்பருக்கும் இதே வியாதிதான். வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்து வெடிக்கும். 1839-இல் அமெரிக்கர் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இந்த வியாதி தீரும் என்று கண்டார். நீள நீளமாகக் கிடக்கும் ரப்பர் மூலக்கூறுகளுக்கு இடையே கந்தகம் அங்கங்கே முடிச்சுப் போடுகிறது, அதனால் இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய இடத்துக்கே வந்துவிடும். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் 1844-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய நண்பர் ஒருவர், ரோமானியர்களின் நெருப்புத் தெய்வம் வல்கனை நினைத்து 'வல்கனைசேஷன்' என்று பெயர் சூட்டினார். பதப்படுத்திய முறைக்குத் தெய்வத்தின் பெயர், பொருளுக்கோ தேய்ப்பான் என்ற பெயரே நின்றுவிட்டது.

1888-இல் டன்லப் காற்றடைத்த டயர் செய்தார், பிறகு மோட்டார் கார் வந்தது, உலகமே ரப்பருக்கு அலைந்தது. அதற்குள் மரம் இங்கே வந்துவிட்டிருந்தது. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து எழுபதாயிரம் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அடுத்த வருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது நம் பக்கத்து ஊர் கோலகங்சாரில் நடப்பட்டன. ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் நின்று பார்த்துவிட்டு வாருங்கள், பார்ப்பதற்குச் சாதாரண மரம்தான்.

மரத்தைத் தொட்டவர்கள் யாரும் அதைத் தேய்ப்பான் என்று சொல்லவில்லை. சீவினால் பால் வருகிறது, அதனால் நமக்கு அது பால்மரம். மலாய்க்காரர்களுக்குப் போக்கோக் கெத்தா. கெத்தா என்றால் ஒட்டுகிற பிசின், எந்த மரத்துப் பிசினும் கெத்தாதான், சூயிங்கம்கூட 'குலா-குலா கெத்தா'தான். பிரெஞ்சுக்காரர்கள் தென்னமெரிக்கப் பழங்குடிச் சொல்லையே எடுத்துக் 'காவூச்சூ' என்று வைத்துக்கொண்டார்கள். மரத்தைப் பார்க்காமல் கடையில் துண்டாகப் பார்த்தவன் மட்டும்தான் அது செய்த வேலையைப் பெயராக்கினான். பெயர் வைக்கிறவன் எங்கே நிற்கிறானோ அங்கிருந்துதான் பொருள் தெரியும்போல.

கெத்தாவும் சும்மா இருக்கவில்லை, ஆங்கிலத்துக்குள் போய்விட்டது. 'கெத்தா பெர்ச்சா' என்பது வேறொரு மலாயா மரத்துப் பிசின். 19-ஆம் நூற்றாண்டில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் போனது அதுதான், ஆங்கில அகராதியில் 'கட்டா பெர்ச்சா' என்று இருக்கும். இன்றைக்கும் பல் வைத்தியர் வேர் சிகிச்சை முடித்து ஓட்டையை அடைப்பது பெரும்பாலும் அதை வைத்துத்தான். இந்த ஊரில் பாதிப் பேர் வாயில் ஒரு மலாய்ச் சொல் அடைந்து கிடக்கிறது.

ரப்பர் என்ற சொல்லுக்கு அப்புறம் கிளை கிளையாகப் பொருள் முளைத்தது. அமெரிக்காவில் பன்மையில் சொன்னால் மழைக்குச் செருப்புமேல் மாட்டும் உறை. ஒருமையில் ஆணுறை. அதனால் அங்கே படிக்கப் போகிற பிள்ளைகள் வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரரிடம் ரப்பர் கேட்காமல் 'இரேசர்' என்று கேட்பது நல்லது. வங்கியிலிருந்து திரும்பி வருகிற காசோலை 'ரப்பர் செக்', பந்துபோல எகிறி வருவதால். நெடுஞ்சாலையில் விபத்து நடந்தால் எதிர்த்தடத்தில் போகிறவர்களும் வேகத்தைக் குறைத்துக் கழுத்தை நீட்டிப் பார்ப்பார்களே, அந்தப் பழக்கத்துக்கு 'ரப்பர்நெக்' என்று அமெரிக்கர்கள் பெயர் வைத்தார்கள். ஈப்போ பக்கம் நெடுஞ்சாலையில் வாரம் ஒருமுறையாவது பார்க்கலாம்.

இவையெல்லாம் ஒரே வேரில் முளைத்தவை. ஆனால் கிரிக்கெட் வர்ணனையில் 'டெட் ரப்பர்' என்கிறார்களே, அது வேறு வீட்டுப் பிள்ளை. தொடரின் முடிவு ஏற்கெனவே தெரிந்துவிட்ட பிறகு ஒப்புக்கு ஆடுகிற ஆட்டம் அது. காற்றுப்போன டயரை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், இல்லை. சீட்டாட்டத்தில், டேவிஸ் கோப்பை டென்னிஸில் 'ரப்பர்' என்று ஒன்று உண்டு. பிரிட்ஜ் ஆட்டத்தில் மூன்றில் இரண்டை வென்றால் ஒரு ரப்பர். மரத்துப் பிசின் இங்கிலாந்துக்கு வருவதற்கு முன்பே, 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில், புல்தரையில் உருண்டை உருட்டும் ஆட்டத்தில் அந்தச் சொல் இருந்தது. அது எப்படிப் பிறந்தது என்று கேட்டால் அகராதிகளே கைவிரிக்கின்றன. நதியும் ஆறு, ஐந்துக்கு அடுத்ததும் ஆறு என்கிறோம், அதற்காக இரண்டும் உறவாகிவிடுமா? அதுபோலத்தான். துரைமார் பகலில் ஒரு ரப்பருக்குக் கணக்குப் பார்த்துவிட்டு, இரவில் கிளப்பில் இன்னொரு ரப்பர் ஆடியிருப்பார்கள்.

இனி பாட்டியின் லப்பருக்கு வருவோம். படித்த பிள்ளைகள் சிரிக்கிறார்கள், "பாட்டி, அது ரப்பர்" என்று திருத்துகிறார்கள். பாட்டியின் நாக்கு செய்ததைத்தான் உலகம் முழுக்க நாக்குகள் செய்து வந்திருக்கின்றன. ஒரே சொல்லில் ரகரம் இரண்டு தரம் வந்தால் நாக்குக்கு அலுப்பு. அதே வளைவை உடனே மறுபடி வளைக்க வேண்டும். அதனால் இரண்டில் ஒன்றை, வாய்க்குள் பக்கத்து வீட்டில் இருக்கும் லகரமாக்கிவிடும். லத்தீனில் 'பெரெக்ரீனுஸ்' என்றால் வெளியூர்க்காரன், அது ஆங்கிலத்துக்கு வந்து சேர்வதற்குள் முதல் ரகரம் லகரமாகிப் 'பில்கிரிம்', யாத்திரிகன் ஆனது. பிரெஞ்சில் 'மார்ப்ர்' என்ற பளிங்கு ஆங்கிலத்தில் 'மார்பிள்'. 'புர்புரா' என்ற ஊதா 'பர்பிள்'. மார்பிளும் பர்பிளும் சரியென்றால் லப்பரில் என்ன தப்பு?

தமிழ் இலக்கணம் வேண்டுமானால் வேறு காரணத்துக்காக முகம் சுளிக்கும். தொல்காப்பியக் கணக்கில் ரகரமும் லகரமும் சொல்லுக்கு முதலில் வரக்கூடாது, அதனால் இலக்கணம் பார்த்து எழுதுகிறவர்கள் 'இரப்பர்' என்று முன்னால் ஓர் இகரத்தை முட்டுக்கொடுப்பார்கள். நான் கடைப் பலகையில் அப்படி எழுதவில்லை. எழுதினால் யாரும் கேட்கப் போவதில்லை.

பெமாடாமுக்கும் ஒரு வார்த்தை. 'பாடாம்' என்றால் அணை. எழுத்தை அணைக்கிறது பெமாடாம், நெருப்பை அணைக்கிற சிவப்பு உருளை பெமாடாம் அப்பி. எழுத்தை விளக்குபோல அணைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது, தேய்ப்பதைவிட.

போன வாரம் அந்தப் பாட்டி மறுபடி வந்தார். ஒரு காலத்தில் பக்கத்துத் தோட்டத்தில் மரம் சீவியவர். இப்போது அங்கே எல்லாம் செம்பனை. பேரனுக்கு லப்பர் கேட்டார், வெள்ளையாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். இப்போது வருகிற அழிப்பான்களில் பெரும்பாலானவை பி.வி.சி. பிளாஸ்டிக், மரத்துப் பால் ஒரு சொட்டும் கிடையாது. பாட்டிக்கு அதெல்லாம் நான் சொல்லவில்லை. அவர் உறையைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனார்.

"என்ன தம்பி, கவுச்சி வாசமே காணோம். இது லப்பரா?"

"இல்ல பாட்டி. அழிப்பான்."

"அப்ப சரி" என்று ஒரு வெள்ளியை எடுத்து வைத்தார்.