ஃபுட் ஸ்டாம்ப் கார்டில் ஆன்லைன் மளிகை வாங்கலாம், ஓட்டல் சாப்பாடு வாங்கலாமா?

வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்து தரும் டோர்டேஷ், ஊபர் ஈட்ஸ் ஆப்களில் ஃபுட் ஸ்டாம்ப் பணம் ஏறும் ஈபிடி கார்டைச் சேர்க்க முடிகிறதே, அப்படியானால் பிரியாணி வரவழைக்கலாமா என்று அமெரிக்காவில் ஃபுட் ஸ்டாம்ப், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் உணவு உதவி, வாங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். முடியாது. ஆனால் அதே ஆப்பில் மளிகைக் கடையிலிருந்து அரிசி, கோழி, தயிர், வெங்காயம் எல்லாம் வரவழைத்து வீட்டில் பிரியாணி செய்துகொள்ளலாம், அதற்குக் கார்டு செல்லும். இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதி விதிகள் புரிந்துவிடும்.

ஃபுட் ஸ்டாம்ப் என்று நாம் இன்னும் சொல்கிறோம், சட்டப்படி 2008-லிருந்து அதன் பெயர் ஸ்னாப். காகிதக் கூப்பன் காலம் எப்போதோ போய்விட்டது, இப்போது டெபிட் கார்டு மாதிரி ஒரு ஈபிடி கார்டு, மாதாமாதம் அதில் பணம் ஏறும். பணம் மத்திய அரசுடையது, நடத்துவது மாநிலம், அதனால் கலிபோர்னியாவில் கால்ஃபிரெஷ் என்பது போல ஊருக்கு ஊர் பெயர் மாறும். நம் ஊர் ரேஷன் கடை போல இத்தனை கிலோ அரிசி என்று கணக்கில்லை, டாலர் கணக்குதான். 2025 அக்டோபரிலிருந்து 2026 செப்டம்பர் வரை, அலாஸ்கா, ஹவாய் தவிர்த்த மாநிலங்களில், தனி ஆளுக்கு அதிகபட்சம் மாதம் 298 டாலர், நாலு பேர் குடும்பத்துக்கு 994. வருமானம் கூடக்கூட இது குறையும்.

யாருக்குக் கிடைக்கும் என்பது தனிக் கதை, இங்கே சுருக்கமாக மட்டும். எச்1பி விசாவில் இருப்பவருக்குக் கிடையாது. கிரீன் கார்டு வாங்கிய பெரியவர்கள் பொதுவாக ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும், 18 வயதுக்குக் கீழே இருந்தால் அந்தக் காத்திருப்பு இல்லை. பிள்ளைகள் ஸ்பான்சர் செய்து வந்த அப்பா அம்மாவுக்கு, ஐந்து வருடம் முடிந்த பிறகும், ஸ்பான்சர் செய்த பிள்ளையின் வருமானத்தையும் பொதுவாகக் கணக்கில் சேர்ப்பார்கள். நல்ல சம்பளத்தில் பிள்ளை இருந்தால் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

சரி, ஆன்லைனுக்கு வருவோம். 2014-ல் வந்த வேளாண் சட்டம் இதைச் சோதித்துப் பார்க்கச் சொன்னது, 2019 ஏப்ரலில்தான் நியூயார்க் மாநிலத்தில் அமேசான், வால்மார்ட், ஷாப்ரைட் என்று தொடங்கியது. அடுத்த வருடம் கொரோனா வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்தபோது, ஆமை வேகத்தில் போன திட்டம் சில மாதங்களில் நாடு முழுக்கப் பரவியது. கடைசியாகச் சேர்ந்தது அலாஸ்கா, 2023-ல். இன்று 50 மாநிலங்களிலும் ஆன்லைனில் வாங்கலாம், ஆனால் எல்லாக் கடையும் இல்லை, உங்கள் மாநிலத்தில் அனுமதி வாங்கிய கடைகள் மட்டும்.

முறை சுலபம். கடையின் ஆப்பில் பணம் கட்டும் பகுதியில் ஈபிடி கார்டைச் சேர்க்க வேண்டும், ஸ்னாப் செல்லும் பொருள்களைத் தளமே தனியாகக் காட்டும், எவ்வளவு கழிக்க வேண்டும் என்று போட்டு, கடைசியில் பின் நம்பர் அடிக்க வேண்டும். சாதாரண கிரெடிட் கார்டுக்கு ஒரு தடவை சேர்த்தால் போதும், இங்கே ஒவ்வொரு தடவையும் பின் கேட்கும்.

இதில் எல்லாரும் முதல் தடவை மாட்டுகிற இடம் ஒன்று உண்டு. டெலிவரி கட்டணம், சர்வீஸ் கட்டணம், டிப்ஸ், சாமான் போடும் பையின் விலை, எதையும் ஸ்னாப் பணத்தில் கட்ட முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு தாத்தா அரை மணி நேரம் உட்கார்ந்து பருப்பு, பால், காய்கறி என்று பொறுக்கிச் சேர்த்தார், கார்டில் தாராளமாகப் பணம் இருந்தது, கடைசிப் பக்கத்தில் ஆறேழு டாலர் கட்டணத்துக்கு வேறு கார்டு கேட்டதும் எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டார். வேறு கார்டே இல்லாத ஆளிடம் வேறு கார்டு கேட்டால் என்ன செய்வார்? பல கடைகளில் ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டு நாமே போய் எடுத்துக்கொண்டால் கட்டணம் இல்லை, குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினாலும் சில இடங்களில் தள்ளுபடி. அமேசானில் ஈபிடி கார்டைப் பயன்படுத்த பிரைம் சந்தா தேவையில்லை, வேண்டுமென்றால் ஈபிடி வைத்திருப்பவர்களுக்குப் பாதி விலைக்கு ஒரு சந்தா உண்டு. ஒரே ஒரு நல்ல செய்தி, ஸ்னாப்பில் வாங்கும் உணவுக்கு விற்பனை வரி கிடையாது.

கேட்ட பொருள் இல்லை என்று கடைக்காரர் விட்டுவிட்டால் அந்தப் பணம் கார்டுக்கே திரும்பும், ரொக்கமாகத் தர மாட்டார்கள்.

எது செல்லும், எது செல்லாது? சாப்பிடுகிற பொருள் பெரும்பாலும் செல்லும், தக்காளி, வெண்டைக்காய் விதையும் நாற்றும்கூட வாங்கலாம், கறிவேப்பிலைச் செடி வைக்கிற ஆசை இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. மது, சிகரெட், சோப்பு, டயப்பர், நாய் உணவு, மருந்து, வைட்டமின் மாத்திரை இதெல்லாம் செல்லாது. குளிர்பானமும் மிட்டாயும் இதுவரை செல்லும் பட்டியலில்தான் இருந்தன, ஆனால் 2026 ஜனவரி 1 முதல் இந்தியானா, அயோவா, நெப்ராஸ்கா, யூட்டா, மேற்கு வர்ஜீனியா என்று வரிசையாக மாநிலங்கள் சோடா வகைகளைத் தடுக்கத் தொடங்கிவிட்டன. உங்கள் மாநிலத்தின் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேடிக்கையாகப் படுவது சூட்டைப் பற்றிய விதி. விற்கும்போது சூடாக இருக்கிற உணவுக்கு ஸ்னாப் செல்லாது. சூப்பர் மார்க்கெட்டில் கம்பியில் சுழன்று சூடாக வெந்த கோழிக்குச் செல்லாது, அதே கோழியை ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் செல்லும். வேகாத பிட்சாவை விற்று வீட்டில் சுட்டுக்கொள்ளச் சொல்லும் கடைகூட இருக்கிறது, அங்கே ஈபிடி செல்லும். வீட்டில் போய்ச் சமைப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதிய சட்டம் இது.

சமைக்க வீடே இல்லாதவருக்கு? அடுப்படியில் நிற்க முடியாதவருக்கு? அவர்களுக்காகத்தான் உணவக உணவுத் திட்டம் என்று ஒரு விதிவிலக்கு. 60 வயது நிறைந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், வீடற்றவர்கள், இவர்களின் கணவன் அல்லது மனைவி, இவர்கள் மட்டும் அனுமதி பெற்ற உணவகங்களில் சூடான சாப்பாடு வாங்கலாம். கார்டில் சேர்ந்திருக்கும் எல்லாரும் இந்த வகைக்குள் வர வேண்டும், 65 வயதுப் பாட்டி 35 வயது மகனோடு ஒரே கார்டில் இருந்தால் கிடைக்காது. அரிசோனா, கலிபோர்னியா, இல்லினாய், மேரிலாந்து, மாசசூசெட்ஸ், மிச்சிகன், நியூயார்க், ரோட் ஐலண்ட், வர்ஜீனியா போன்ற சில மாநிலங்களில்தான் இது இருக்கிறது, அவற்றிலும் சிலவற்றில் சில பகுதிகளில் மட்டும். கலிபோர்னியாவில் முன்பு கவுண்டிக்குக் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போல) வேறுபட்டது, 2021 செப்டம்பரிலிருந்து மாநிலம் முழுக்க.

உணவகங்கள் தாங்களாக விண்ணப்பித்துச் சேர வேண்டும். அதனால் நான் பார்த்த பட்டியல்களில் பெரும்பாலும் பர்கரும் சாண்ட்விச்சும் விற்கிற சங்கிலிக் கடைகள்தான். சர்க்கரை வியாதியுள்ள எழுபது வயதுக்காரருக்கு இதுவா சாப்பாடு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, இருந்தாலும் மழையில் நிற்கிறவருக்குச் சூடாக எதுவும் இல்லாததைவிட அது மேல்.

நேரில் போய் கார்டைத் தேய்த்துப் பின் அடிக்க வேண்டும், டெலிவரி ஆப்பில் இது நடக்காது. டிப்ஸ் கொடுக்க விரும்பினால் கைக்காசுதான். தனி விண்ணப்பம் எதுவும் போட வேண்டியதில்லை, தகுதி இருந்தால் மாநிலமே உங்கள் கார்டில் குறியீடு போட்டுவிடும். எல்லாம் சரியாக இருந்தும் கடையில் கார்டு செல்லவில்லை என்றால் கடைக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டாம், உங்கள் கவுண்டி அல்லது மாநில உணவு உதவி அலுவலகத்துக்கு போன் போட்டு, என் கார்டில் உணவகக் குறியீடு இருக்கிறதா என்று கேளுங்கள். அப்போதே வயதும் முகவரியும் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். பின் நம்பரை மட்டும் போனில் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள், திருட்டுப்போன ஸ்னாப் பணத்தை மத்திய அரசு ஈடுகட்டிவந்த ஏற்பாடு 2024 டிசம்பர் 20-ஓடு முடிந்துவிட்டது.