ஓம வாசம் ஈயை என்ன செய்கிறது?

மாட்டுக்கொட்டகையும் எருக்குழியும் கொல்லையிலேயே இருக்கிற டெல்டா கிராமங்களில் ஈக்குப் பஞ்சமே கிடையாது, அதிலும் பண்ருட்டிப் பலா வந்து இறங்குகிற வைகாசியில் கேட்கவே வேண்டாம். ஓமம், கிராம்பு, லெமன்கிராஸ் எண்ணெய்கள் ஈயை விரட்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். விரட்டும்தான், போதிய அளவு பட்டால் கொல்லவும் செய்யும்.

அதே ஓம வாசம் அடிக்கிற கற்பூரவல்லி இலையைத் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று பொடி முடிகள் தட்டுப்படும். அவற்றுக்கு நடுவே நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகளும் இருக்கின்றன. கசக்கினால் அவை உடைந்து குப்பென்று வாசம் வரும். தன்னைத் தின்ன வரும் பூச்சிக்காகச் செடி சேர்த்து வைத்த விஷம் அது, நம் ரசத்துக்காக இல்லை.

எண்ணெய் ஆவியாகி, ஈயின் பக்கவாட்டிலுள்ள மூச்சுத்துளைகள் வழியே உள்ளே போகிறது. மேலே பட்டால் தோலின் மெழுகுப் பூச்சிலும் கரைந்து இறங்கிவிடும். அப்புறம் நரம்பு. ஓமத்தில் இருக்கும் தைமால், நரம்பை அடக்கி வைக்கிற காபா என்ற பொருளின் செய்தியை வாங்கும் ஏற்பிகளில் கைவைக்கிறது. கிராம்பின் யூஜெனால் ஆக்டோபமைன் ஏற்பிகளைக் குழப்புகிறது. பூச்சிகளுக்கு ஆக்டோபமைன் நம்முடைய அட்ரினலின் மாதிரி. நம் உடம்பில் அதற்குப் பெரிய வேலை இல்லை என்பதால் இந்த வழியில் ஈக்கு ஆகிற சேதம் நமக்கு ஆவதில்லை. ஈ தள்ளாடும், மல்லாந்து விழுந்து காலை உதறும்.

வேப்பெண்ணெய் இந்த ரகம் இல்லை. அதிலுள்ள அசாடிராக்டின் ஆவியாகாது, அது புழு தோலுரித்து வளர்வதைத்தான் கெடுக்கும்.

டி.டி.டி. என்ற பூச்சிமருந்துக்குச் சாகாத ஈக்கள் 1946-லேயே ஸ்வீடனில் வந்துவிட்டன. விஷத்தை உடைக்கும் நொதிகள் ஈயிடம் அவ்வளவு தாராளம். செடி எண்ணெயில் பல பொருட்கள் கலந்திருப்பதால் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பழகுவது ஈக்குக் கொஞ்சம் கஷ்டம். முடியவே முடியாது என்று சொல்லிவிட முடியாது.

இந்த எண்ணெய்களில் பெரிய குறை, சீக்கிரம் ஆவியாகிவிடுவது. காலையில் துடைத்த தரையில் மத்தியானம் வாசம் இருக்காது, ஈ திரும்ப வந்து உட்காரும். வாளித் தண்ணீரில் நாலு சொட்டு விட்டுத் துடைப்பதும் வீண்தான், எண்ணெய் மேலே மிதக்குமே தவிரக் கலக்காது; கொஞ்சம் சோப்புக் கரைசலோடு முதலில் கலக்கிவிட்டுத் தண்ணீரில் ஊற்ற வேண்டும். எண்ணெயை நுண்துளிகளாக்கி, ஓடு போர்த்தி, மெல்ல மெல்லக் கசிய விடுகிற ஆராய்ச்சிகள் நடப்பது இதற்காகத்தான்.

என்னதான் தெளித்தாலும், ஒரு ஈ ஒரே தடவையில் நூறு முட்டைக்கு மேல் இடும். நம் ஊர் வெயிலில் பத்து நாளுக்குள் அத்தனையும் ஈயாகிவிடும். அதனால் சாணியை அள்ளாமல் எண்ணெய்க்குச் செலவழிப்பது காசுக்குத்தான் கேடு.

சுத்த எண்ணெய் தோலை எரிக்கும், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மீன் இருக்கிற குட்டையில் மிச்சத்தைக் கொட்டாதீர்கள். வீட்டில் பூனை இருந்தால் டீ ட்ரீ எண்ணெய் வேண்டவே வேண்டாம், பூனையின் ஈரலுக்கு அதைச் சரியாக உடைத்து வெளியேற்றத் தெரியாது.