வெளியே உறைபனி, உள்ளே 24 டிகிரி: சவுத்டேல் மாலின் கணக்கு

ஒரு அறைக்கு ஏசி போட்டாலே கரண்ட் பில் எகிறுகிறது, அவ்வளவு பெரிய மாலை முழுசாக எப்படிக் குளிர்விக்கிறார்கள், கட்டுப்படியாகுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இதற்குப் பதில் தேட 1956-க்குப் போக வேண்டும்.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்காவில் ஜனங்கள் நகரத்தை விட்டுப் புறநகரில் வீடு வாங்கிப் போனார்கள், கடைகளும் பின்னாலேயே போயின. மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகரை ஒட்டிய எடைனாவில் ஒரு கடை வளாகம் கட்ட டேட்டன்ஸ் என்ற பல்பொருள் அங்காடி நிறுவனம் விக்டர் குருயெனை அழைத்தது. வியன்னாவில் பிறந்து, நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்த 1938-ல் தப்பி வந்த கட்டடக்கலைஞர் அவர். அதற்குமுன் டெட்ராய்ட் அருகே அவர் வடிவமைத்த நார்த்லேண்ட் (1954) திறந்தவெளி வளாகம். ஆனால் மினசோட்டாவில் அது எடுபடாது. வெளியில் நடந்து கடை பார்க்கத் தோதான நாட்கள் அங்கே வருஷத்துக்கு 126தான் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரிக்குக் கீழேயும் போகும், கோடையில் 30-ஐத் தாண்டும்.

அதனால் எல்லாக் கடைகளையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தார் குருயென். 1956 அக்டோபர் 8-ல் சவுத்டேல் 72 கடைகளுடன் திறந்தது. நடுமுற்றத்தில் செடிகள், பறவைகள், வருஷம் முழுக்க 24 டிகிரி. இத்தனை பெரிய இடத்தை மூடிச் சூடாக்கினால் செலவு தாறுமாறாக ஏறும் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் கணக்கு நேர்மாறாகப் போகிறது.

குளிர்காலத்தில் சூடு வெளியேறுவதும் கோடையில் உள்ளே நுழைவதும் சுவர், கூரை வழியாக, அதாவது வெளிப்பரப்பின் வழியாக. 10 மீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கடை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தரையை விட்டுவிட்டால் காற்றுபடும் பக்கங்கள் ஐந்து, மொத்தம் 500 சதுர மீட்டர். தனித்தனியாக நிற்கும் எட்டுக் கடைகளுக்கு 4,000. அதே எட்டையும் கீழே நாலு, மேலே நாலு என்று ஒட்டி அடுக்கினால் 20 மீட்டர் பக்கமுள்ள ஒரே கனசதுரம், அதன் ஐந்து பக்கங்கள் 2,000 சதுர மீட்டர்தான். உள்ளே இருக்கும் இடம் ஒரு சொட்டும் குறையவில்லை, சூடு தப்பிக்கும் பரப்பு மட்டும் பாதியாகிவிட்டது! சவுத்டேல் இரண்டு மாடியாக, நெருக்கமாகக் கட்டப்பட்டதில் இந்த லாபம் இருக்கிறது. கடைகளின் முகப்பு உள்முற்றத்தைப் பார்த்து இருப்பதால் அங்கே பனி தாங்கும் சுவரும் கதவும் தேவையில்லை. மூடிய கூரை சூடாக்கும் செலவையும் கட்டும் செலவையும் சேர்த்தே குறைத்தது.

அப்புறம் சவுத்டேலில் வைத்த ஹீட் பம்ப். கையில் சானிடைசர் ஊற்றினால் சில்லென்று இருக்கும், திரவம் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சுகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பக்கம் சுடும், அமுக்கினால் வாயு சூடாகிறது. இரண்டையும் ஒரே குழாய்ச் சுற்றில் கோத்ததுதான் ஹீட் பம்ப். ஓரிடத்தில் திரவத்தை ஆவியாக்கிச் சூட்டைப் பிடித்து, அமுக்கி, வேறோரிடத்தில் கொட்டுகிறது. திசையைத் திருப்பினால் கோடையில் அதுவே ஏசி. சூட்டை உண்டாக்காமல் இடம் மாற்றுவதால், நல்ல பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவு சூடு தரும். போதாததற்கு சும்மா நிற்கும் மனிதர் ஒவ்வொருவரும் சுமார் 100 வாட் ஹீட்டர். உள்ளே 5,000 பேர் இருந்தால் 500 கிலோவாட் இலவசம்.

நம் ஊரில் வெயில் கொளுத்தும் பக்கத்தில் கண்ணாடிச் சுவரை எழுப்பிவிட்டு, உள்ளே ஏசி மேல் ஏசியாக மாட்டுகிறோம். கட்டடத்துக்குள் சூடு எந்த வழியாக நுழைகிறது என்று அளந்து பார்க்கும் ஆராய்ச்சிக்கு அரசு இன்னும் தாராளமாகப் பணம் தர வேண்டும் என்பது என் கருத்து.

குருயென் மாலோடு நிறுத்த நினைக்கவில்லை. சுற்றிலும் வீடுகள், பள்ளிகள், பூங்கா, ஒரு ஏரி எல்லாம் சேர்த்து நடந்தே போய்வரும் ஊராகத்தான் திட்டம் போட்டிருந்தார். அவர் நினைத்த அந்த ஊர் வரவில்லை. வந்தது சுமார் 5,000 கார்கள் நிற்கும் தார்த்தளம், உள்ளே மிச்சமான எரிபொருளை வெளியே அந்தக் கார்கள் குடித்தன. 1968-ல் அவர் வியன்னாவுக்கே திரும்பிப் போய்விட்டார்.