கோப்பு இருக்கிறது, ‘இல்லை’ என்கிறது கைப்பேசி

ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் ஒழுங்காக ஓடும் ஒரு நிரலை அப்படியே நகலெடுத்து ஆண்ட்ராய்டு கைப்பேசியில் போட்டு இயக்கிப் பாருங்கள். அங்கும் 64 பிட் ஆர்ம் செயலி, இங்கும் அதே. அங்கும் இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னல், இங்கும் அதே. ஆனாலும் கைப்பேசி ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்று கைவிரித்துவிடும். பட்டியலிட்டுப் பார்த்தால் கோப்பு கண்ணெதிரே இருக்கும். இயக்கும் அனுமதியும் சரியாகவே இருக்கும்.

கெர்னல் தேடிக் காணாதது வேறொரு கோப்பை. பெரும்பாலான லினக்ஸ் நிரல்களின் தலைப்பகுதியில், ‘என்னை நினைவகத்தில் ஏற்றி, வேண்டிய லைப்ரரிகளோடு (பொதுத் துணை நிரல் தொகுப்புகளோடு) இணைத்துவிட இன்னாரைக் கூப்பிடு’ என்று ஒரு பாதை எழுதியிருக்கும். ராஸ்பெரி பையில் ஓடுவது போன்ற 64 பிட் ஆர்ம் டெபியன் லினக்ஸில் அது ‘/லிப்/எல்டி-லினக்ஸ்-ஏஆர்ச்64.எஸ்ஓ.1’. ஆண்ட்ராய்டில் அந்த வேலையைச் செய்வது ‘/சிஸ்டம்/பின்/லிங்கர்64’. முதலாவது கைப்பேசியில் கிடையாது. ‘ரீட்எல்ஃப்’ கருவிக்குச் சிறிய எல் விருப்பத்தைக் கொடுத்து ஓட்டினால் இந்தப் பாதை ஒரே வரியில் தெரிந்துவிடும். ஆண்ட்ராய்டுக்காகக் கம்பைல் செய்கிற, அதாவது மூல நிரலை இயங்கும் கோப்பாக மாற்றுகிற எவரும் முதலில் கைவசப்படுத்த வேண்டிய கருவி இதுதான்.

பாதையை மட்டும் மாற்றி எழுதிவிட்டால் போதுமா? போதாது. அடிப்படை வேலைகளுக்கு டெபியனும் உபுண்டுவும் நம்பியிருக்கும் சி லைப்ரரி ஜிலிப்சி. ஆண்ட்ராய்டில் இருப்பது பயோனிக். பயோனிக்கில், இணையாக ஓடும் இழையை நிறுத்தும் ‘பிதிரெட்_கேன்சல்’ கிடையவே கிடையாது. எழுத்துக் குறிமுறை மாற்றும் ‘ஐகான்வ்’ ஏபிஐ 28-ல், அதாவது ஆண்ட்ராய்டு 9-ல்தான் வந்தது. ‘எல்லா லைப்ரரிகளையும் ஸ்டாட்டிக்காக நிரலுக்குள்ளேயே கட்டிவிடலாமே’ என்று கேட்கலாம். நிரல் ஓடத்தான் செய்யும். இணையத்தைத் தொட்டதும் சிக்கும். இணையப் பெயர்களுக்கு முகவரியை யாரிடம் கேட்பது என்று சொல்லும் ‘/ஈடிசி/ரிசால்வ்.கான்ஃப்’ ஆண்ட்ராய்டில் இல்லை. டெபியனுக்கென்று கட்டிய கோ மொழி நிரல் அதைக் காணாமல், தன் சொந்தக் கருவியின் 53-ஆம் போர்ட் என்ற இணைப்பு வாசலிலேயே முகவரி கேட்டு, ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று வாங்கிக்கொண்டு நிற்கும். ஆகவே மூல நிரலிலிருந்து, கூகுளின் என்டிகே கருவித்தொகுப்பைக் கொண்டு புதிதாகக் கம்பைல் செய்வதே நேர்வழி.

எதைக் கட்டலாம்? நம் ஊருக்குப் பயன்படும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1924-ல் தொடங்கி 2019-ல் நின்றுபோன கோலாலம்பூரின் ‘தமிழ் நேசன்’ நாளிதழ் நறுக்கு ஒன்று தாத்தாவின் பெட்டியில் கிடைக்கிறது. அதைப் படமெடுத்து, எழுத்தாக மாற்றித் தேட வேண்டும். அதற்கு உதவுவது டெசராக்ட் என்ற எழுத்துணர் நிரல். எச்பி நிறுவனத்தில் 1985 முதல் 1994 வரை உருவாகி, 2005-ல் திறமூலமாக வெளிவந்தது. 2018-ல் வந்த 4-ஆம் பதிப்பிலிருந்து நரம்பு வலையமைப்பு முறையில் எழுத்தைப் படிக்கிறது. தமிழுக்கான பயிற்சிக் கோப்பும் உண்டு. எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய கொம்பு வைத்த லை, னை வந்தால் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டியிருக்கும். கைப்பேசியில் லினக்ஸ் கட்டளைத்திரை தரும் டெர்மக்ஸ் ஆப்பில் டெசராக்ட் ஆயத்தமாகவே கிடைக்கிறது. ஆனால் புதிய பதிப்பை முயல்வதற்கும், ஒரு திருத்தத்தைச் சேர்ப்பதற்கும் நாமே கட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

சிறு நிரல் என்றால் கைப்பேசியிலேயே கிளாங் கம்பைலரை நிறுவிக் கட்டிவிடலாம், தப்பில்லை. பெரியது என்றால் வேண்டாம். கைப்பேசி சூடேறி வேகம் குறையும். அதோடு ஆண்ட்ராய்டு 12 முதல், ஆப்கள் கிளப்பிவிடும் துணைச் செயல்கள் மொத்தம் 32-ஐத் தாண்டினால் இயங்குதளமே அவற்றைக் கொன்றுவிடும். மடிக்கணினிதான் சரியான இடம். ஆனால் ஒருவரிடம் விண்டோஸ், இன்னொருவரிடம் உபுண்டு, மூன்றாமவரிடம் மேக். பைத்தான் ஒரு பதிப்பு, கட்டும் வேலையை வழிநடத்தும் சிமேக் இன்னொரு பதிப்பு. இங்கே கட்டினால் வருகிறது, அங்கே கட்டினால் வரவில்லை என்ற புலம்பல் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதற்குத்தான் கன்டெய்னர். லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கும் இரண்டு வசதிகளால் ஆனது இது. நேம்ஸ்பேஸ், உள்ளே ஓடும் செயல்களுக்குத் தனிக் கோப்பமைப்பையும் தனிச் செயல் பட்டியலையும் காட்டுகிறது. சிகுரூப், அவை எவ்வளவு நினைவகத்தையும் செயலியையும் பிடிக்கலாம் என்று அளந்து கொடுக்கிறது. கம்பைலர், என்டிகே, துணைக் கருவிகள் எல்லாம் குறிப்பிட்ட பதிப்பில் அடங்கிய இமேஜ் ஒன்றை இறக்கினால், கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓட்டினாலும் பினாங்கின் பட்டர்வொர்த்தில் ஓட்டினாலும் உள்ளே தெரிவது ஒரே பட்டறை. ஆனால் இமேஜ் பூட்டி வைப்பது கோப்புகளை மட்டுமே. கெர்னல், நினைவகம், செயலி வகை, வெளியிலிருந்து இறக்கும் பொருள்கள் ஆகிய நான்கும் பூட்டுக்கு வெளியே இருக்கின்றன. கன்டெய்னரைப் பிடித்துக்கொண்டும் வேலை கெட்டால், இந்த நான்கில் ஒன்றையே முதலில் சந்தேகியுங்கள்.

செய்முறை நீளமில்லை. முதலில் கைப்பேசியின் வகையை உறுதிசெய்யுங்கள். மடிக்கணினியிலிருந்து கைப்பேசிக்குக் கட்டளையிடும் ஏடிபி ஷெல்லில் ‘கெட்ப்ராப்’ கட்டளையால் ‘ஆர்ஓ.ப்ராடக்ட்.சிபியு.ஏபிஐ’ என்ன என்று கேட்டால் ‘ஆர்ம்64-வி8ஏ’ என்றோ ‘ஆர்மியாபி-வி7ஏ’ என்றோ வரும். மலிவுக் கைப்பேசிகள் சிலவற்றில் 64 பிட் செயலியின் மேல் 32 பிட் ஆண்ட்ராய்டை ஏற்றியிருப்பார்கள். பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பாமல் கேட்டுத் தெரிந்துகொள்வதே நல்லது.

அடுத்து மடிக்கணினியில் கன்டெய்னர்களை இயக்கும் டாக்கரை நிறுவி, டெர்மக்ஸ் பொதிகளின் கட்டுமுறைகள் அடங்கிய டெர்மக்ஸ்-பேக்கேஜஸ் களஞ்சியத்தைக் கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவி மூலம் நகலெடுங்கள். அதன் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ கோப்புறையில் ‘ரன்-டாக்கர்.எஸ்எச்’ இருக்கிறது. அதன் பின்னால் ‘பில்ட்-பேக்கேஜ்.எஸ்எச்’, சிறிய ஏ விருப்பத்தில் ‘ஏஆர்ச்64’, பெரிய ஐ விருப்பம், கடைசியில் பொதியின் பெயர் ‘டெசராக்ட்’ என்று கொடுத்தால் கதை தொடங்கிவிடும். முதல் முறை இமேஜ் இறங்கப் பல ஜிபி செலவாகும்; என்டிகே மட்டுமே சுருக்கிய நிலையில் அரை ஜிபியைத் தாண்டும். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இதைத் தொடங்காதீர்கள். பெரிய ஐ விருப்பத்தை மறந்தாலும் வேலை நடக்கும். ஆனால் லெப்டோனிக்கா, பட வடிவ லைப்ரரிகள் என்று டெசராக்ட் சார்ந்திருக்கும் அத்தனையையும் மூலத்திலிருந்தே கட்டத் தொடங்கும். மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். அந்த விருப்பம் இருந்தால் சார்புகளை ஆயத்தப் பொதிகளாக இறக்கிக்கொள்ளும்.

முடிவில் ‘அவுட்புட்’ கோப்புறையில் நிறுவத் தயாரான டெப் கோப்பு வந்து விழும். முதல் தடவை எதையும் மாற்றாமல் அப்படியே கட்டிப் பாருங்கள். அது வந்த பிறகுதான் பொதியின் ‘பில்ட்.எஸ்எச்’ கோப்பில் பதிப்பு எண்ணையும் இறக்கிய மூலத்தைச் சரிபார்க்கும் எஸ்எச்ஏ256 எண்ணையும் மாற்ற வேண்டும். ஒன்றை மாற்றி மற்றதை மறந்தால், மூலத்தை இறக்கிய கையோடு சரிபார்ப்பு எண் தவறு என்று நின்றுவிடும். அந்தச் சோதனையைத் தாண்டிப் போக வழி தேடாதீர்கள். பாதி இறங்கிய கோப்பையும் யாரோ மாற்றி வைத்த கோப்பையும் பிடித்துக் கொடுப்பது அது ஒன்றுதான்.

டெர்மக்ஸ் களஞ்சியத்தில் இல்லாத நிரலை எடுக்கும்போதுதான் உண்மையான வேலை. நாம் கட்டுவது இன்டெல் செயலியில், ஓடப்போவது ஆர்ம் செயலியில். பழைய நிரல்களின் ‘கான்ஃபிகர்’ ஸ்கிரிப்ட், சின்னச் சின்ன நிரல்களைக் கட்டி அங்கேயே ஓட்டிப் பார்த்துச் சூழலை அறியும் பழக்கமுடையது. இங்கே கட்டலாம், ஓட்ட முடியாது. கோயில் நைவேத்தியம் சமைப்பவர் நிலைதான்: சுவாமிக்குப் படைக்குமுன் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது, உப்பின் அளவு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். நினைவகம் வாங்கித் தரும் ‘மேலாக்’, சுழிய பைட் கேட்டால் என்ன தரும் என்று அறிய அந்த ஸ்கிரிப்ட் ஒரு சோதனை நிரலை ஓட்ட விரும்புகிறது. முடியாததால் மோசமான விடையை அனுமானித்து, எல்லா இடங்களிலும் ‘மேலாக்’ என்பதை ‘ஆர்பிஎல்_மேலாக்’ என்று மாற்றி வைக்கிறது. அப்படி ஒரு மாற்று, நிரலின் மூலத்தில் பல நேரம் இருப்பதே இல்லை. கம்பைல் எல்லாம் நன்றாக முடியும். கடைசியில் துண்டுகளை ஒன்றாக இணைத்து லிங்க் செய்யும்போது ‘அன்டிஃபைன்டு சிம்பல்: ஆர்பிஎல்_மேலாக்’ என்று உடையும். பிழை முளைத்த இடம் ஒன்று, வெடித்த இடம் வேறு. இதற்கு மருந்து, ஸ்கிரிப்டை ஓட்டுமுன் ‘ஏசி_சிவி_ஃபங்க்_மேலாக்_0_நான்நல்’ என்ற மாறியில் ‘எஸ்’ என்று விடையைக் கையில் கொடுத்துவிடுவது. இப்படி ஓட்டிப் பார்க்கும் சோதனைகளுக்குப் பெரும்பாலும் ஒரு மாறி உண்டு. ‘கான்ஃபிகர்’ ஸ்கிரிப்டுக்குள்ளேயே ‘கிராஸ்_கம்பைலிங்’ என்று தேடினால் எங்கெங்கே ஓட்டாமல் அனுமானிக்கிறது என்பது தெரியும்.

சிமேக் பயன்படுத்தும் நிரல்களில் இடறுவது வேறு இடத்தில். எந்தக் கம்பைலரைப் பயன்படுத்துவது என்று சொல்லும் என்டிகேயின் டூல்செயின் கோப்பைக் கொடுத்து, ‘ஆர்ம்64-வி8ஏ’ போன்ற கைப்பேசி வகையையும் ஆண்ட்ராய்டு நிலையையும் சொல்லிவிட்டால் பெரும்பாலும் போதும். ஆனால் நாமே கட்டி வைத்த லைப்ரரி கண்ணெதிரே இருக்க, ‘காணவில்லை’ என்று சிமேக் அடம்பிடிக்கும். தவறுதலாக மடிக்கணினியின் இன்டெல் லைப்ரரியை எடுத்துவிடக் கூடாது என்பதற்காக, என்டிகேயின் எல்லைக்குள் மட்டுமே தேடும்படி டூல்செயின் கோப்பு அதைக் கட்டிப்போட்டிருக்கிறது. நம் கோப்புறையையும் ‘சிமேக்_ஃபைண்ட்_ரூட்_பாத்’ பட்டியலில் சேர்த்தால் தீர்ந்தது. பிதிரெட் லைப்ரரியைத் தனியே தேடும் ‘-எல்பிதிரெட்’ கேட்டு உடையும் நிரல்களுக்கு, அந்தச் சொல்லையே எடுத்துவிடுங்கள். பயோனிக்கில் அது சி லைப்ரரிக்குள்ளேயே அடக்கம்.

இனி பூட்டுக்கு வெளியே இருப்பவை. நடுவில் வெறும் ‘கில்டு’ என்று ஒரு சொல்லோடு கிளாங் செத்துப்போனாலோ, கன்டெய்னர் 137 என்ற எண்ணோடு முடிந்தாலோ, உங்கள் நிரலில் பிழை தேடாதீர்கள். 128-உடன் 9-ஐக் கூட்டினால் 137. 9 என்பது கெர்னலின் கொலைச் சமிக்ஞை. பெரும்பாலும் நினைவகம் தீர்ந்திருக்கும். 8 ஜிபி மடிக்கணினியில் விண்டோஸ், தனக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2-க்குத் தானாக ஒதுக்குவது பாதி, அதாவது 4 ஜிபி. எட்டு கோர் இருக்கிறதே என்று எட்டு சி++ கோப்புகளை ஒரே நேரத்தில் கம்பைல் செய்தால் தாங்காது. ‘டாக்கர் அப்டேட்’ கட்டளையில் ‘சிபியுசெட்-சிபியுஸ்’ விருப்பத்துக்கு 0-1 என்று கொடுங்கள். உள்ளே இருக்கும் கருவிகளுக்கு இரண்டு கோர்தான் தெரியும், இரண்டிரண்டாகவே கட்டும். மெதுவாக முடிந்தாலும் முடியும்.

லினக்ஸுக்கான என்டிகே கருவிகள் இன்டெல் வகைச் செயலிக்கு மட்டுமே வெளியாகின்றன. எம் வகைச் செயலி கொண்ட மேக்கில் இமேஜை ‘லினக்ஸ்/ஏஎம்டி64’ என்று கேட்டு இறக்கினால் ஓடும். ஆனால் ஒவ்வொரு கட்டளையும் மொழிபெயர்க்கப்பட்டு ஓடுவதால் நேரம் இழுக்கும்.

விண்டோஸில் இன்னொரு கண்ணி உண்டு. களஞ்சியத்தை சி டிரைவில் நகலெடுத்தால், விண்டோஸ் கிட் வரி முடிவுகளை மாற்றிவிடக்கூடும். அப்போது ஸ்கிரிப்டின் முதல் வரியில் ‘பாஷ்’ என்ற பெயரின் வாலில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும். விளைவு, மறுபடியும் அதே ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’. ஸ்கிரிப்ட் இருக்கிறது, அதை இயக்கக் கூப்பிட்ட ஆள்தான் இல்லை. களஞ்சியத்தை டபிள்யூஎஸ்எல்லின் லினக்ஸ் வீட்டுக் கோப்புறையில் வையுங்கள். வேகமும் கூடும்.

கட்டியதைக் கைப்பேசிக்குக் கொண்டுபோக, டெப் கோப்பை டவுன்லோட்ஸ் கோப்புறைக்கு அனுப்பி, டெர்மக்ஸுக்குள் தன் வீட்டுக் கோப்புறைக்கு நகலெடுத்து ‘ஏபிடி’ கொண்டு நிறுவுங்கள். பகிர்வு நினைவகத்தில் வைத்து எந்த நிரலையும் நேராக இயக்க முடியாது. அந்தப் பகுதியில் இயக்கும் உரிமையே அளிக்கப்படுவதில்லை. டெர்மக்ஸ் பொதிகளில் ‘/டேட்டா/டேட்டா/காம்.டெர்மக்ஸ்/ஃபைல்ஸ்/யூஎஸ்ஆர்’ என்ற பாதை உள்ளுக்குள் பதிந்திருக்கும். அதே டெப்பை வேறு பெயருள்ள ஆப்புக்குள் போட்டால் தன் கோப்புகளைத் தானே காணாமல் விழிக்கும். டெசராக்ட் தமிழைக் காணவில்லை என்றால், பயிற்சிக் கோப்பு இருக்கும் கோப்புறையை ‘டெஸ்டேட்டா_ப்ரிஃபிக்ஸ்’ மாறியில் சொல்லுங்கள். மொழிக் குறி ‘டிஏஎம்’.

கடைசியாக ஒரு சோதனை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒருவரும் பட்டர்வொர்த்தில் ஒருவரும் ஒரே நிரலைக் கட்டி, உள்ளிருக்கும் கோப்புகளின் எஸ்எச்ஏ256 எண்ணை ஒப்பிடட்டும். வேறுபட்டால், ‘லேட்டஸ்ட்’ என்ற பெயரில் ஆளுக்கொரு நாள் இமேஜை இறக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். பெயரால் கேட்காமல் இமேஜின் உள்ளடக்கத்திலிருந்து கணித்த டைஜஸ்ட் எண்ணால் கேட்டால் அது நிலைத்துவிடும். களஞ்சியத்தை எந்த நிலையில் நகலெடுத்தோம் என்று காட்டும் கமிட் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய ஐ விருப்பத்தால் இறங்கிய சார்புப் பொதிகள் அன்றைய தேதிக்குரியவை, அவையும் மாறியிருக்கலாம். அதற்குப் பிறகும் வேறுபாடு இருந்தால் வேறுபாடு எங்கே என்று காட்டும் ‘டிஃபோஸ்கோப்’ கருவியில் இரண்டையும் கொடுங்கள். கட்டிய தேதியை நிரலுக்குள் பொறிக்கும் ஒரு வரி அடிக்கடி அகப்படும். கன்டெய்னர் வழக்கமாக உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, மலேசியாவில் நாம் எட்டு மணி நேரம் முன்னே இருக்கிறோம். காலை ஏழு மணிக்குக் கன்டெய்னரில் கட்டியவரின் நிரலில் முந்தைய நாள் தேதி இருக்கும், வெளியே கட்டியவரின் நிரலில் அன்றைய தேதி. ‘சோர்ஸ்_டேட்_எபோக்’ மாறியில் இருவரும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டு மறுபடி கட்டினால், இந்த வேறுபாடு போய்விடும்.